எட்டாங்கன்னி

எல்லா ஊரிலும் கன்னிமார் ஏழு பேர். ஏரிக்கோடி இருளர் குடியிருப்பில் மட்டும் எட்டுப் பேர்.

குடிசைகளுக்குப் பின்னால், வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே ஒற்றைப் புங்கமரம் நின்றது. அதன் அடியில் கிழக்குப் பார்த்து அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் செய்யாற்றுக் கூழாங்கற்கள். யார் எப்போது பொறுக்கி வந்ததோ தெரியாது, கைக்குள் அடங்குகிற வழவழப்பு. எட்டாவது ஆள் மட்டும் முழங்கால் உயரம். நாலு பட்டையாக நிமிர்ந்து நின்றாள். அறுபது வருஷத்து மஞ்சள் அவள்மேல் காய்ந்து காய்ந்து கனத்த தோலாகிவிட்டிருந்தது. சிலர் அவளை அக்காக்காரி என்றார்கள். சிலர் வாக்கப்பட்டு வந்தவள் என்று சிரித்தார்கள். ஏன் எட்டு என்று யாரும் கேட்டதில்லை.

ஏழு பேரும் யார்மேல் வேண்டுமானாலும் வருவார்கள். எட்டாங்கன்னி சொக்கம்மாள்மேல் மட்டும்தான் வருவாள். சொக்கம்மாளுக்குப் பதினாறு வயதில் ஓர் ஆடி வெள்ளியில் முதல்முறை வந்தாள். இப்போது சொக்கம்மாளுக்கு நாற்பது நெருங்குகிறது. ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

வருவதற்கு முன்னால் ஒரு வாசனை வரும். பூவும் கற்பூரமும் இல்லாத, வெறும் வெயிலின் வாசனை. சுட்ட மண்ணும் காய்ந்த புல்லும் சேர்ந்த வாசனை. பிறகு பம்பைச் சத்தம் தூரமாய்ப் போகும், ஏரிக்கு அக்கரையில் யாரோ அடிப்பதுபோல. அப்புறம் இரண்டு கைகள் அவளை அடியோடு தூக்கும். தூக்கி ஒரு தலைமேல் வைக்கும். அந்தத் தலைக்குள் உயிர் துடிப்பது அவளுக்குக் கேட்கும். கீழே முள்ளும் சரளையும் பின்னோக்கி ஓடும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிற நடுப்பகல். யார் தலை, எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படி ஒரு பத்திரத்தை அவள் வேறெங்கும் அறிந்ததில்லை. கண் விழிக்கும்போது பெண்கள் சுற்றி நின்று அவள் என்ன சொன்னாள் என்று சொல்வார்கள். காணாமல் போன ஆடு எந்தத் திக்கில் கிடைக்கும், யாருக்கு எப்போது பிள்ளை பிறக்கும் என்று ஏதோ சொல்லியிருப்பாள். தலைமேல் போனதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

வருஷத்தில் அந்த ஒரு நாள் எல்லோரும் அவள் காலில் விழுவார்கள். மற்ற நாட்களில் ஊருக்குள் அவளுக்கு ஒரே பெயர்தான். கல்லுத்திருடன் பேத்தி.

அவள் தாத்தா கன்னியப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் கல் திருடி ஜெயிலுக்குப் போனவராம். என்ன கல் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கல் என்பார்கள். பெருமாள் நெற்றியில் இருந்த வைரக்கல் என்பார்கள். ஜெயிலிலிருந்து வந்த வருஷமே இருமி இருமிச் செத்துப்போனார். அப்போது சொக்கம்மாளின் அப்பன் கைக்குழந்தை. குடும்பத்துக்கு அவர் விட்டுப்போனது அந்தப் பட்டப்பெயர் ஒன்றைத்தான். ஊரில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் போலீஸ் முதலில் ஏரிக்கோடிக்குத்தான் வரும். வந்ததும் சொக்கம்மாள் வீட்டைத்தான் கேட்கும்.

அந்த வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம். காஞ்சிபுரம் தனி மாவட்டமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பழைய மாவட்டத்தின் பெயரை அழித்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது.

பிரசிடெண்டு வரதனின் மகள் ஞானசுந்தரி குடியிருப்புக்கு அறிவொளி வகுப்பு எடுக்க வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் சிலேட்டோடு உட்காருவார்கள். எழுத்து சொக்கம்மாளுக்குப் பிடிகொடுக்கவில்லை. எண்கள் மட்டும் சட்டென்று வசப்பட்டன. பஸ் நம்பர், ரேஷன் கார்டு, கரண்டுக் கம்பத்தின் எண் என்று எதைப் பார்த்தாலும் படித்துக்கொண்டே போனாள்.

ஆடி முதல் வெள்ளிக்குக் கன்னிமாரைக் கழுவுவது அவள் வேலை. ஏழு பேரையும் கழுவிவிட்டு எட்டாமவளிடம் வந்தபோது, முந்தின வாரம் ஆடு உரசியதில் மஞ்சள் தோல் ஓரத்தில் பெயர்ந்திருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டதும் ஒரு பெரிய துண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே கறுப்புக் கல். கல்லில் மேல்நோக்கிப் பார்த்த ஓர் அம்பு. அதற்குக் கீழே ஆழமாக வெட்டிய இரண்டு எழுத்துக்கள்.

அவை எழுத்துக்கள் இல்லை. எண்கள்.

"இருபத்தி ஏயு," என்று சொக்கம்மாள் வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது. கன்னிக்கு யார் நம்பர் போட்டது?

மஞ்சளைக் குழைத்து அவசர அவசரமாக அப்பி மூடினாள்.

வீட்டுக்கு வந்து புருஷன் வீராசாமியிடம் மட்டும் சொன்னாள். அவன் எலிப்பொறிக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான்.

"இருபத்தேயா? அது உத்தரமேரூர் போற பஸ்ஸா, செங்கல்பட்டு போற பஸ்ஸா?"

"கேலி பண்ணாத. கண்ணால பாத்தேன்."

"கன்னிக்கும் ரேஷன் கார்டு குட்த்துட்டாங்க போல கீது. நம்மளுக்குத்தான் இன்னும் வரல."

அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். அவள் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டாள்.

மறு வாரம் வகுப்பில் ஞானசுந்தரி ஒரு காகிதத்தோடு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. ஆகஸ்டு பதினைந்துக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் தியாகி முத்துவேலுக்குக் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். முத்துவேல் அவளுடைய கொள்ளுத்தாத்தா, பிரசிடெண்டின் தாத்தா. அவருக்குத் தண்டனை கொடுத்த பழைய தீர்ப்பின் நகல் அலைந்து அலைந்து இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"நம்ம ஊரு கதைக்கா, கேளுங்க," என்று படித்தாள். "உப்பு எடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். கடலோரத்துல உப்பு எடுத்தாங்க. நம்ம பக்கம் உப்பு ஏது? காடுதான் இருந்துச்சு. காட்டுல விறகு பொறுக்கக்கூடாது, கிழங்கு தோண்டக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் சுத்திலும் எல்லைக்கல்லு நட்டு வச்சிருந்தான். முத்துவேல் ஆளுங்களைத் திரட்டி, கொடி புடிச்சுக்கிட்டுப் போயி ஒரு கல்லப் புடுங்கிட்டாரு. போலீசு வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாராம். 'அம்புக்குறியும் இருபத்தேழு என்ற எண்ணும் கொண்ட அந்தக் கல் இன்றுவரை கிடைக்கவில்லை. முத்துவேலுக்கு ஆறு மாதம் வெறுங்காவல். கல்லைத் திருடிச் சென்ற இருளன் ஒருவனுக்கு மூன்று மாதம் கடுங்காவல்.' அவ்ளோதான் இருக்கு."

"திருடனது மட்டும் நம்மாளா?" என்று சின்னபொண்ணு கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னபொண்ணு மூன்று மாசம் முன்புதான் கல்யாணமாகி வந்தவள். அவளுக்குச் சொக்கம்மாளின் பட்டப்பெயர் தெரியாது. தெரிந்தவர்கள் சொக்கம்மாளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

சொக்கம்மாள் சிலேட்டில் இருபத்தேழு என்று எழுதினாள். அழித்தாள். திரும்ப எழுதினாள்.

மறுநாள் விறகுக்குப் போகிறேன் என்று காட்டோரம் தனியாக நடந்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற கற்கள்தான். புதருக்குள் வெள்ளாடுபோல ஒதுங்கி நிற்கும். உச்சிவெயில். சில்வண்டுச் சத்தம் காதுக்குள்ளேயே கிளம்புவதுபோல இருந்தது. இருபத்துநாலு, இருபத்தைந்து என்று படித்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றின் தலையிலும் அதே அம்பு. இருபத்தாறுக்கு அப்புறம் ஒரு சிமெண்டுக் கல். பின்னாளில் யாரோ நட்டது. அதில் அம்பும் இல்லை, எண்ணும் இல்லை. அதற்கு அடுத்தது இருபத்தெட்டு.

சிமெண்டுக் கல் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். இங்கேதான் எட்டாங்கன்னி பிறந்தாள். இங்கிருந்துதான் ஒரு தலைமேல் ஏறிப் போனாள். அந்தத் தலை யாருடையது என்று இருபத்துமூன்று வருஷம் கழித்துச் சொக்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் பார்க்காத தாத்தாவின் தலை. முத்துவேல் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து பாடினார். அவருக்கு அது போதும். தாத்தாவுக்குப் போதவில்லை. கீழே கிடக்கிற கல்லை வெள்ளைக்காரன் மறுநாள் திரும்ப நட்டுவிடுவான், அப்புறம் கிழங்குக்கு எங்கே போவது? அதனால் இல்லாமலே ஆக்கிவிட வேண்டும் என்று தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். கன்னிமார் வரிசையில் எட்டாவதாக நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டார். தேடி வந்த போலீஸ்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. இதைச் சொன்னால் தாத்தா திருடன் இல்லை. சொன்னால் எட்டாங்கன்னி கன்னியும் இல்லை, எல்லைக்கல். ஊருக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஆடி வெள்ளியில் அவளைத் தூக்க யார் வருவார்கள்?

சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் எழுந்தாள்.

பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பிரசிடெண்டின் நிலத்தில் சொர்ணவாரி நெல் அறுப்பு நடந்தது. இடைவேளையில் அரிவாள் தீட்டுகிற சாணைக்கல்லைக் காணோம். ஊர்ப் பெண்களை மேய்க்கிற பாஞ்சாலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் கிடந்த சாக்கின்மேல் நின்றாள்.

"ஏண்டி தேடிக்கினு நிக்கிறீங்க? கல்லுன்னா சொக்கம்மாவக் கேளுங்க. அவங்க வூட்டுத் தொழிலாச்சே."

சுற்றிலும் சிரிப்பு. இது நூறாவது தடவை. எப்போதும்போல் குனிந்துகொண்டிருந்தால் முடிந்திருக்கும்.

"அந்தச் சாக்கக் கொஞ்சம் தூக்குக்கா. நீதான் அதுமேல நின்னுக்கினு கீற," என்றாள் சொக்கம்மாள். சாக்குக்கு அடியில்தான் கல் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தண்ணீர் மடை உடைத்துக்கொண்டதுபோல் வாய் மேலே போய்விட்டது. "எங்க தாத்தா ஆட்டுக்கல்லு திருடல. பிரசிடெண்டு தாத்தா புடுங்கனாரே, அந்தக் கல்லத்தான் தூக்கிக்கினு வந்தாரு. இருபத்தேயு. எங்க கன்னிமார்ல எட்டாமவளா நின்னுக்கினு கீறா. போயிப் பாரு."

பாஞ்சாலி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். சொக்கம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். என்ன செய்துவிட்டோம்!

சாயங்காலமே பிரசிடெண்டு வரதன் மகளோடு ஏரிக்கோடிக்கு வந்துவிட்டார். புங்கமரத்தடியில் குனிந்து பார்த்தார். ஞானசுந்தரி தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். அம்பும் இரண்டு எண்களும் தெரிந்தன. வரதன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அறுபத்தாறு வருஷம்," என்றார். "எங்க தாத்தா சாவற வரைக்கும் கேட்டோம், கல்லு எங்கன்னு. சிரிப்பாரு, சொல்ல மாட்டாரு. காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு கம்முனு இருந்துட்டாரு போல."

குடியிருப்புக்கு மூத்தவன் சுப்ரமணி. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அதுக்கு இப்ப இன்னா பண்ணணும்யா?"

"கல்வெட்டுக்குப் பக்கத்துல இந்தக் கல்ல நிறுத்தணும்ப்பா. இதவிட வேற சாட்சி ஏது? பிள்ளைங்க பாக்கட்டும். உங்க ஆளு பேரையும் சேத்து வெட்டறேன். தீர்ப்புல பேரே இல்ல, இருளன் ஒருவன்னுதான் கீது. பேரு நீங்க சொல்லுங்க, கல்லு எனக்குக் குடுங்க."

"சாமியாச்சேய்யா..."

"மீதி ஏழு சாமி இருக்குல்ல?"

அவர் நிலத்தில்தான் எல்லோருக்கும் வேலை. அவர் மோசமானவரும் இல்லை. சுப்ரமணி தலையைச் சொறிந்தான். "கன்னியவே கேட்டுடலாம்யா. வர்ற வெள்ளிக்கிழமை பம்பை அடிச்சுக் கேப்போம். வந்து மாட்டேன்னு சொன்னா வுட்ருங்க. வரலைன்னா அவளுக்குச் சம்மதம்னு நீங்க எட்த்துக்கினு போங்க."

வரதன் ஒத்துக்கொண்டார். எல்லோரும் சொக்கம்மாளைப் பார்த்தார்கள். எட்டாங்கன்னி வருவதென்றால் அவள்மேல்தானே வர வேண்டும்.

"வராம எங்க போயிடப் போறா?" என்று வீராசாமி அன்றைக்குச் சோறு தின்னும்போது சொன்னான். முதல்முறையாக அவன் சிரிக்கவில்லை.

ஆடி நாலாம் வெள்ளி. ஊரே ஏரிக்கோடிக்கு வந்திருந்தது. ஏழு பேருக்கும் பூ வைத்து, எட்டாமவளுக்குப் புது மஞ்சள் பூசியிருந்தார்கள். சொக்கம்மாள் தலைமுழுகி ஈரப் புடவையோடு முன்னால் உட்கார்ந்தாள். பம்பை தொடங்கியது. உடுக்கை சேர்ந்துகொண்டது. அவள் கண்ணை மூடி வெயில் வாசனைக்காகக் காத்திருந்தாள்.

கற்பூர வாசனை வந்தது. ஈரப் புடவையின் வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசனை வந்தது.

வாடி, என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். அக்கா, வாடி.

பம்பைச் சத்தம் தூரமாய்ப் போகவில்லை. காதுக்குப் பக்கத்திலேயே நின்று அடித்தது. தோல் அதிர்வதும், அடிக்கிறவனின் மூச்சு இரைப்பதும்கூடக் கேட்டன. கண்ணைத் திறந்தாள். வாழை இலையில் ஓர் எறும்பு சர்க்கரையை இழுத்துக்கொண்டு போனது. வரதனின் கைக்கடிகாரம் வெயிலில் மின்னியது. எல்லாம் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் தெரிந்ததில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் அங்கே முழுசாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரம் போனது. பம்பைக்காரன் கை மாற்றினான். ஒரு குழந்தை அழுதது. வரதன் ஒருமுறை மணி பார்த்தார். ஆபீஸ் வாசலில் கட்டை வண்டி தயாராக நிற்பதாக யாரோ கிசுகிசுத்தார்கள்.

தலையை விரித்துப் போட்டு ஆடினால் போதும். "நான் வரமாட்டேண்டா" என்று ஒரு கத்து கத்தினால் எல்லோரும் காலில் விழுந்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் அதோ மஞ்சள் பூசி எதிரிலேயே நிற்கிறாள். அவள் முன்னால் அவள் பேரைச் சொல்லிப் பொய் ஆடுவதா? சொக்கம்மாளின் தலைமுடி ஈரமாய் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை அள்ளி முடிந்தாள்.

பம்பை தானாக நின்றது. முடியை விரிக்கிறவளைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"கன்னி வரல," என்றாள் சொக்கம்மாள். "நான் சொக்கம்மாதான் பேசறேன்."

சுப்ரமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அப்பன்னா... சம்மதம்னுதான..."

"எப்பிடிச் சம்மதம்? இத்தினி வருசமா கூப்ட்ட உடனே எழுந்து வந்தா. இன்னிக்குத் தூக்கிக்கினு போக ஆளு வந்து நிக்குது. இன்னிக்குப் பாத்து அசையல. ஒரு அடி நகர மாட்டேன்னு உக்காந்துக்கினு கீறா. எம்மேல வர்றதுக்கே எடத்த வுட்டு எழுந்திருக்காதவ, ஆபீசு வாசலுக்கு வருவாளா?"

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. "அதானே," என்றது ஒரு குரல். சின்னபொண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆரம்பித்த பிறகு சொக்கம்மாளால் நிறுத்த முடியவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். வெயில் வாசனையை, இரண்டு கைகளை, தலைக்குள் துடிக்கிற துடிப்பை, பின்னோக்கி ஓடுகிற சரளையை. "வருசா வருசம் என்னத் தூக்கிக்கினு நடப்பாரு. யாருன்னு தெரியாது. அது எங்க தாத்தாதான். இவள எப்பிடித் தூக்கிக்கினு வந்தாரோ அப்பிடி. இவ அத மறக்கல, எனக்குக் காட்டிக்கினே கீறா. திருடனவன் பொருள அப்பிடியா தூக்குவான்? புள்ளய தூக்கற மாதிரி..." புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து புங்கம்பூவை உதிர்த்தது. கன்னிமார் எட்டுப் பேர் தலையிலும் விழுந்தது.

வரதன் மெதுவாகக் கேட்டார். "எங்க தாத்தா தூக்கலியா? ஒரு கை கூடவா?"

அவர் குரலில் பிரசிடெண்டு இல்லை. கதை கேட்கிற பிள்ளையின் குரலாக இருந்தது. சொக்கம்மாளுக்குப் பாவமாய்ப் போய்விட்டது.

"அவரு கொடி புடிச்சாருய்யா. கொடிய கீய வுட முடியுமா? அவரு கொடிய வுடல, இவரு கல்ல வுடல."

வரதன் சிரித்துவிட்டார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். எட்டாங்கன்னியின் முன்னால் வந்து, தலையில் விழுந்திருந்த பூவை எடுக்காமல், கையெடுத்துக் கும்பிட்டார்.

"கல்லு இங்கயே இருக்கட்டும். பேரு சொல்லு சொக்கம்மா."

"கன்னியப்பன்."

ஞானசுந்தரி தீர்ப்பு நகலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

கல்வெட்டு பஞ்சாயத்து ஆபீஸ் தாழ்வாரத்தில் படுக்கவைக்கப்பட்டிருந்தது. 'நம் ஊர்த் தியாகி' என்று மேலேயும், முத்துவேல் பெயர் நடுவிலும் முன்பே வெட்டி முடிந்திருந்தது. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. திங்கட்கிழமை சொக்கம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். எழுத்து வெட்டுகிற ஆனந்தன் காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான்.

"இனிஷியல் இன்னாக்கா?"

"அப்பிடின்னா?"

"அவரோட அப்பன் பேரு. முதல் எழுத்து."

தாத்தாவின் அப்பன் பெயர் அவளுக்குத் தெரியாது. வீராசாமிக்கும் தெரியாது. சுப்ரமணிக்கும் தெரியாமல்தான் இருக்கும். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைத்ததில்லை.

"இனிஷியல் இல்லாம வெட்டக்கூடாதா தம்பி?"

"வெட்டலாம். மேல இருக்கறவருக்கு இருக்குதே. கீய இல்லாம இருந்தா பாக்கறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க. நாலு சுத்தி அடிக்கற வேலைதான், யோசிச்சு சொல்லு."

சொக்கம்மாள் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தாள். அந்த மனுஷனுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது யார்? யாருக்காக இருமி இருமிச் செத்தார்?

"எட்டாங்கன்னிக்கு மொத எழுத்து இன்னா?"

ஆனந்தன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கல்லில் 'எ' என்று வரைந்தான், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தான். பிறகு மேலே பார்த்து உதட்டைக் கடித்தான். ஒருவருக்கு எழுதியிருந்த தலைப்பில் இப்போது இரண்டு பேர். 'தியாகி'க்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் 'கள்' சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாள் வெட்டி முடித்தபோது அந்த இரண்டு எழுத்தும் சின்னதாகி, கல்லின் விளிம்பை இடித்துக்கொண்டு நின்றன.

ஆகஸ்டு பதினைந்தும் வெள்ளிக்கிழமையாக விடிந்தது. ஆடி கடைசி வெள்ளி. ஆபீஸ் வாசலில் காகிதக்கொடித் தோரணம், ஒலிபெருக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். வரதன் துணியை விலக்கிக் கல்வெட்டைத் திறந்து இரண்டு பெயரையும் உரக்கப் படித்தார். இரண்டாவது பெயரைப் படித்தபோது ஏரிக்கோடி ஆட்கள் பம்பை அடித்தார்கள். அதே அடி. கன்னியைக் கூப்பிடுகிற அடி.

சொக்கம்மாள் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆரஞ்சு மிட்டாய் வாசனை, சுண்ணாம்பு வாசனை, பிள்ளைகளின் வியர்வை வாசனை. இனி வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லியாகிவிட்டது. இப்போது அது எல்லோருடையது. ஊர்ப் பிள்ளைகள் இரண்டு நாளாகத் தலையில் செங்கல்லை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஓடி விளையாடுகிறார்கள். நீதான் போலீசு, நான்தான் கன்னியப்பன். மார்புக்குள் ஓர் இடம் பொங்கிய பானையை இறக்கிவிட்ட அடுப்புபோலச் சும்மா இருந்தது. சூடு மட்டும் மிச்சம்.

கூட்டம் கலைந்தபோது பாஞ்சாலி கல்வெட்டுக்குப் பக்கத்தில் வந்து எழுத்துக் கூட்டினாள்.

"ஏண்டி சொக்கம்மா, எ-ன்னு போட்டு வச்சிக்கீறீங்களே, யாரு அது? ஏழுமலையா, எல்லப்பனா?"

"பொம்பள."

"இன்னாது?"

"பொம்பள பேருதான்க்கா."

"அய்ய, பொம்பள பேர எவனாவது இனிஷியலா போடுவானாடி?"

சொக்கம்மாள் மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். புங்கமரத்தடியில் பொங்கல் வைக்க நேரமாகிவிட்டது. பச்சரிசியை இன்னும் களையக்கூட இல்லை.

"போட்டாச்சி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.